சாணைக்கல்லின் ‘இங்கிலீசுப் பேரு’

சேலத்திலிருந்து ஏறும் பேருந்து இருபது கொண்டை ஊசி வளைவுகளையும் திரும்பி முடித்து ஏற்காட்டில் மூச்சு வாங்கும். மஞ்சக்குட்டை இந்த மலைமேல் உள்ள ஊர்களில் ஒன்று. காபிச் செடி, அதற்கு நிழல் தரும் சில்வர் ஓக், அந்த மரத்தைக் கட்டிக்கொண்டு ஏறும் மிளகுக்கொடி, கீழே செம்மண். காபிப் பழம் பறித்து முடித்துக் கவாத்துக்குக் கத்தி தேடும் நாட்களில் நான் அங்கே போயிருந்தேன். சாலையோரத்தில் ஒரு பெரியவர் சைக்கிளை ஸ்டாண்டு போட்டு நிறுத்தி, பெடலை மிதித்துச் சாணை பிடித்துக்கொண்டிருந்தார். கத்தி கல்லைத் தொட்ட இடத்தில் பொறி பறந்தது.

“இது என்ன கல்லுங்க?”

“கார்பரண்டம் சார். சேலத்துல கடையில வாங்குனது.”

“தமிழ்ல இதுக்கு என்ன பேருங்க?”

“சாணைக்கல்லுதான். கார்பரண்டம்ங்கிறது இங்கிலீசுப் பேருங்க. அதுக்குத் தமிழ் ஏது?”

அவர் சொன்னதில் பாதி சரி. கார்பரண்டம் ஆங்கிலத்திலிருந்து வந்த பெயர்தான். ஆனால் அதன் பின்பாதி நம் வீட்டுப் பிள்ளை. முந்நூறு ஆண்டுகளுக்கு முன் கப்பலேறிப் போய், உடுப்பு மாறி, அடையாளம் தெரியாமல் திரும்பி வந்திருக்கிறது. இன்னொரு வேடிக்கை: அவர் மறுபாதியாகச் சொன்ன ‘சாணை’ என்ற சொல் வடமொழியின் ‘சாண’ என்பதிலிருந்து வந்தது. தமிழ் என்று அவர் நினைத்த சொல் வந்தேறி, இங்கிலீசு என்று நினைத்த சொல் ஊர்க்காரர். சொற்களின் பிறப்புச் சான்றிதழைக் காதால் படிக்க முடியாது.

மஞ்சக்குட்டை என்ற பெயரைக் கேட்டவுடன் நம் காது ‘மஞ்சள் நிறக் குட்டை’ என்று பொருள் சொல்லிவிடுகிறது. காது சொல்வதெல்லாம் சான்று அல்ல. ஆங்கிலத்தின் ‘ஒன்’ தமிழின் ‘ஒன்று’தான் என்று கைப்பேசியில் நாள்தோறும் ஒருவர் நமக்கு அனுப்பிவைக்கிறார். பழைய ஆங்கிலத்தில் அந்தச் சொல் ‘ஆன்’. இன்று கேட்கும் ‘வ’கர ஒலி பிற்காலத்தில் வந்து ஒட்டிக்கொண்டது. ஆயிரம் ஆண்டு பின்னால் போனால் ஒற்றுமை மறைந்துவிடுகிறது. உண்மையான உறவு என்றால் பின்னால் போகப் போக நெருக்கம் கூட வேண்டும், குறையக் கூடாது. சொல்லாராய்ச்சிக்கு இதைவிட எளிய சோதனை இல்லை.

அந்தச் சோதனையில் நம் கல்லை வைத்துப் பார்ப்போம்.

ஆங்கிலத்தில் ‘கொரண்டம்’ என்பது ஒரு கனிமத்தின் பெயர். அலுமினியமும் ஆக்சிஜனும் சேர்ந்த படிகம், வேறு ஒன்றும் இல்லை. மோஸ் கடினத்தன்மை அளவில் வைரத்துக்கு 10 என்றால் இதற்கு 9. இதில் துளி குரோமியம் கலந்தால் சிவந்து மாணிக்கமாகும். இரும்பும் டைட்டானியமும் கலந்தால் நீலமாகும். கலப்பும் தெளிவும் சரியாக அமையாத சாதாரணக் கல் சாம்பலாகவோ மங்கிய சிவப்பாகவோ இருக்கும். அது மோதிரத்துக்கு ஆகாது, அரைக்கவும் மெருகிடவும் ஆகும். அரசனும் கூலிக்காரனும் ஒரே தாய் வயிற்றுப் பிள்ளைகள் என்பது போன்ற கதை.

இந்தப் பெயர் ஐரோப்பிய ஏட்டில் ஏறிய இடத்தை நம்மால் கையால் தொட முடிகிறது. ஜான் உட்வர்டு என்ற ஆங்கிலேய மருத்துவர், பூமிக்கடியில் கிடைக்கும் பொருள்களைச் சேர்ப்பதில் பித்துக்கொண்டவர், 1728-இல் இறந்தார். அவருடைய வெளிநாட்டுச் சேகரிப்பின் பட்டியலில் இரண்டு கற்கள். ஒன்று ‘தெல்லா கொரிவிந்தம்’: சென்னைப் புனித ஜார்ஜ் கோட்டையில் மருத்துவராக இருந்த எட்வர்ட் பல்க்லி அனுப்பியது, மாணிக்கத்தையும் வைரத்தையும் மெருகிட உதவுவது. மற்றது ‘நெல்லா கொரிவிந்தம்’: நெல் விளையும் வயல்களில் கிடைப்பது, பெரும்பாலும் வயல் எலிகள் தோண்டி வெளியே தள்ளுவது, இரும்பை மெருகிட உதவுவது.

இந்த இரண்டு சீட்டுகளும் ஒரு துப்பறியும் கதைக்குப் போதும். ‘நெல்லா’ என்பதை மட்டும் தனியாகப் பார்த்தால் தமிழர் ஒருவர் ‘நல்ல’ என்று வாசிப்பார். நெல் வயலில் கிடைப்பதால் ‘நெல்’ என்றுகூட வாசித்துவிடுவார். பக்கத்தில் ‘தெல்லா’ இருப்பதால் ஐயம் தீர்கிறது. தெலுங்கில் தெல்ல என்றால் வெள்ளை, நல்ல என்றால் கருப்பு. வெள்ளைக் குருவிந்தம், கருங்குருவிந்தம். பெயர் சொன்னவர்கள் தெலுங்கு பேசியவர்கள். அதனால்தான் நடுவில் அந்த ‘வி’ நிற்கிறது: தெலுங்கில் இந்தக் கல் குருவிந்தம். தமிழில் குருவிந்தம் என்றும் உண்டு, சுருங்கிக் குருந்தம் என்றும் உண்டு.

எலிக்கும் அறிவியல் காரணம் இருக்கிறது. பாறை மட்கி மண்ணாகும்போது மற்ற கனிமங்கள் கரைந்தும் களிமண்ணாகியும் போய்விடும். குருந்தம் கரையாது, நொறுங்காது, எளிதில் தேயாது. பாறை போன பிறகும் படிகம் மட்டும் வயல் மண்ணில் தங்கும். வளை தோண்டும் எலிக்கு அது தடங்கல், தள்ளிவிடுகிறது. யாரோ ஒருவர் அதைக் கவனித்துச் சொன்னதால், லண்டன் பட்டியல் ஒன்றில் நம் வயல் எலிக்கு நிரந்தர இடம் கிடைத்தது.

பிறகு அந்த ‘வி’ உதிர்ந்தது. அயர்லாந்து வேதியியலாளர் ரிச்சர்ட் கிர்வன் 1794-இல் இன்றைய எழுத்துக்கூட்டலில் ‘கொரண்டம்’ என்று எழுதினார். 1798-இல் சார்லஸ் கிரெவில் ஆசியாவிலிருந்து வந்த இந்தக் கல்லைப் பற்றி ராயல் சொசைட்டியின் இதழில் கட்டுரை வெளியிட்டார். அகராதிகள் இந்த வடிவத்துக்குத் தமிழின் ‘குருந்தம்’ என்பதை மூலமாகக் காட்டி, தெலுங்கின் குருவிந்தத்தையும் வடமொழியின் குருவிந்தத்தையும் உறவாக வைக்கின்றன. பிரெஞ்சுக்காரர் மட்டும் ‘கொரிந்தோன்’ என்று, உட்வர்டின் பழைய ‘ரி’யை இன்றும் விடாமல் வைத்திருக்கிறார்கள். பின்னால் போகப் போக நெருக்கம் கூடுகிறதா? கொரண்டம், கொரிவிந்தம், குருவிந்தம். கூடுகிறது.

சொல்லின் வால் பகுதிதான் ஆளை ஏமாற்றுவது. நம் ‘-அம்’ என்ற ஈறு ரோமன் எழுத்தில் ‘-உம்’ ஆனது. லத்தீனில் அஃறிணைப் பெயர்கள் பலவற்றுக்கு அதுதான் ஈறு. புதிதாகக் கண்டுபிடிக்கும் தனிமங்கள் பலவற்றுக்கு அந்த ஈற்றைச் சூட்டிக்கொண்டிருந்த காலம் அது. அந்தக் கூட்டத்தில் குருந்தம் நுழைந்தபோது யாரும் டிக்கெட் கேட்கவில்லை. இன்றும் பள்ளிப் பிள்ளைகள் அதை ஒரு லத்தீன் சொல் என்று நினைத்தால் அவர்கள் மேல் குற்றம் இல்லை.

ஆங்கிலத்திலிருந்து சென்னைக் கோட்டை வரை வந்துவிட்டோம். அதற்கும் பின்னால்?

சிலப்பதிகாரத்தின் ஊர்காண் காதையில் மதுரையின் மணிக்கடைத் தெரு வருகிறது. அங்கே மாணிக்கத்தில் நான்கு வகை சொல்லப்படுகிறது. அவற்றில் ஒன்று விந்தம். உரைகாரர் அதைக் குருவிந்தம் என்கிறார். வடமொழி நூல்களிலும் குருவிந்தம் மாணிக்க வகைதான். ஆக, முற்காலத்தில் இந்தச் சொல் நகைக்கடைச் சொல். தெற்கே பேச்சில் அது அரைக்கும் கல்லுக்கும் சேர்ந்து வழங்கியது. மாணிக்கமும் அரைக்கும் கல்லும் ஒரே கனிமம் என்று ஐரோப்பாவில் நிறுவப்பட்டது 18-ஆம் நூற்றாண்டின் இறுதியிலும் 19-இன் தொடக்கத்திலும்தான். பூர்னோன் பிரபு 1802-இல் மாணிக்கம், நீலம் எல்லாம் கொரண்டத்தின் வகைகளே என்று படிகங்களை அளந்து எழுதினார். நம்மவர்கள் படிகம் அளக்கவில்லை. ஆனால் இரண்டுக்கும் ஒரு பெயர் வைத்திருந்தார்கள். கல்லறுக்கும் தச்சரின் கை அந்த ஒற்றுமையை உணர்ந்திருக்கலாம் என்பது என் ஊகம். ஊகம் என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

இந்த இடத்தில் ஒரு பெரிய ஆசை வரும். தொல்காப்பியத்தின் உரியியல் ‘குரு’ என்ற சொல்லுக்கு நிறம் என்று பொருள் தருகிறது. குரு என்றால் நிறம், நிறமுள்ள கல் குருவிந்தம், ஆகவே சொல் தமிழிலிருந்து வடமொழிக்குப் போனது, கதை முடிந்தது! அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் ‘விந்தம்’ என்ற மீதிக்கு என்ன கணக்கு? வடமொழியில் கோரைக்கும் குருவிந்தம் என்றே பெயர். தமிழில் குருந்து, குருந்தம் என்று ஒரு மரம் உண்டு, எலுமிச்சைக் குடும்பத்தைச் சேர்ந்த முள் மரம். திருப்பெருந்துறையில் மாணிக்கவாசகருக்கு இறைவன் குருவாக வந்து அமர்ந்தது அதன் நிழலில்தான் என்பது மரபு. ஒலி ஒன்றாக இருப்பதால் கல்லுக்கும் மரத்துக்கும் கோரைக்கும் முடிச்சுப் போட ஆரம்பித்தால் மாணிக்கவாசகர் பெயரில் உள்ள மாணிக்கம்கூடச் சாட்சிக்கு வந்துவிடும். வடமொழிக்கும் தென்மொழிக்கும் இடையில் இந்தச் சொல் முதலில் எந்தத் திசையில் நடந்தது என்பதில் அறிஞர்களிடம் ஒருமித்த தீர்ப்பு இல்லை. தெற்கிலிருந்து ஆங்கிலத்துக்குப் போனதில் மட்டும் தகராறு இல்லை. அந்த அளவோடு நிறுத்துவதுதான் நேர்மை.

இதற்கு ஒரு பக்கத்து வீட்டுக்காரர் உண்டு: பெரில் என்ற கல். ஆங்கிலப் பெரில் கிரேக்கத்தின் பெரில்லோஸ். அதற்கும் பின்னால் பிராகிருத, பாலி வடிவங்களான வெருலிய, வேளுரிய. இது வரை பாதை திடமானது. அதற்கும் பின்னால் ஒரு திராவிட மூலம் இருக்கலாம், வேலூர் அல்லது பேலூர் போன்ற ஓர் ஊர்ப்பெயராக இருக்கலாம் என்பது பலர் ஏற்கும் கருத்து. ஆனால் அது கருத்து. காங்கேயம் அருகே படியூரில் பெரில் கிடைத்ததும், நொய்யல் கரைக் கொடுமணல் அகழாய்வில் மணிக்கல் பட்டறைகளின் மிச்சங்கள் வந்ததும் கல்லைப் பற்றிய சான்று, சொல்லைப் பற்றியது அல்ல. ஜெர்மானியர் மூக்குக்கண்ணாடியை ‘பிரில்லெ’ என்பது இந்தப் பெரிலால்தான்.

இனி மஞ்சக்குட்டைக்குத் திரும்புவோம், ஏனென்றால் காலடியில் இருக்கும் பாறையின் பெயரை இன்னும் கேட்கவில்லை.

மஞ்சக்குட்டை இருக்கும் சேர்வராயன் மலையின் பெரும்பகுதி சார்னோகைட் என்ற பாறை. பூமியின் மேலோட்டின் அடியாழத்தில், கடும் வெப்பத்திலும் அழுத்தத்திலும், ஏறக்குறைய 250 கோடி ஆண்டுகளுக்கு முன் உருவானது. இந்திய நிலவியல் ஆய்வுத் துறையின் தாமஸ் ஹாலந்து இதற்குப் பெயர் வைத்தார். கொல்கத்தாவில் ஆங்கிலேயக் குடியிருப்பை நிறுவிய ஜோப் சார்னோக்கின் கல்லறைக் கல் இந்தப் பாறையில் செய்தது. அந்தக் கல் போனது சென்னைப் பல்லாவரம், பரங்கிமலைப் பக்கத்திலிருந்து. கல் நம்முடையது, பெயர் அதன் கீழே படுத்திருந்தவருடையது. போகட்டும், சார்னோக் என்றால் என்ன? அது இங்கிலாந்தின் லங்காஷயரில் ஓர் ஊர்ப்பெயர். ஊர்ப்பெயர் ஆய்வாளர்கள் அதைக் ‘கார்ன்’ என்ற பழைய கெல்டியச் சொல்லோடு சேர்க்கிறார்கள். பொருள், கற்குவியல். சுற்றிச் சுற்றிக் கல்லுக்குக் கல் என்றே பெயர் வைத்திருக்கிறார்கள்.

இந்தப் பாறை மழையில் ஊறி, சிலிக்கா கரைந்து வடிந்து, இரும்பும் அலுமினியமும் மட்டும் மேலே தங்கினால் அது செம்புரைக்கல். உலகம் அதை லாட்டரைட் என்கிறது. பிரான்சிஸ் புக்கானன் கேரளத்து அங்காடிப்புரத்தில் இந்தக் கல்லைப் பார்த்து, 1807-இல் வெளிவந்த தம் பயண நூலில் அந்தப் பெயரை இட்டார். லத்தீனில் லேட்டர் என்றால் செங்கல். மண்வெட்டியால் வெட்டலாம், வெயிலில் வைத்தால் இறுகும், அதனால் செங்கல். நல்ல பெயர்தான். ஆனால் உள்ளூர் மொழிகள் சிலவற்றில் இதற்கு இட்டிகைக்கல் என்று பெயர் என அவரே எழுதியிருக்கிறார். இட்டிகை என்றால் செங்கல். குருந்தத்தை ஒலியோடு எடுத்துக்கொண்டார்கள், இட்டிகைக்கல்லைப் பொருளை மட்டும் உருவி லத்தீனில் வார்த்துக்கொண்டார்கள். முதல்வகைக் கடன் அகராதியில் பதிவாகும். இரண்டாம் வகை பெரும்பாலும் பதிவாகாது. எனக்கு இதுதான் அதிகம் உறுத்துகிறது.

அலுமினியம் மிகுந்து தங்கிவிட்டால் அது பாக்சைட். ஏற்காட்டிலிருந்தும் கொல்லிமலையிலிருந்தும் வெட்டிய பாக்சைட்தான் மேட்டூரில் 1965-இல் உற்பத்தி தொடங்கிய மெட்ராஸ் அலுமினியம் கம்பெனிக்குப் போனது. பெயரோ பிரான்ஸ் நாட்டு லே போ என்ற ஊருடையது. பியர் பெர்த்தியே 1821-இல் அங்கே இந்தத் தாதுவைக் கண்டறிந்தார். அந்த வட்டார மொழியில் ‘போ’ என்றால் செங்குத்தான பாறைமுகடு. அதாவது நம் ஊர்க் ‘கரடு’ போன்ற ஒரு சொல். ஏற்காட்டிலேயே முதலில் கண்டுபிடித்திருந்தால் உலகம் அதை என்னவென்று அழைத்திருக்கும் என்று யோசித்துக்கொண்டே ஏற்காட்டின் லேடீஸ் சீட் காட்சிமுனையில் உட்கார்ந்திருக்கலாம், செலவு இல்லை.

குருந்தம் மட்டும் இந்தப் பாறையில் எதிர்பார்க்கக் கூடாதது. தனிச் சிலிக்கா இருக்கும் இடத்தில் அலுமினியம் அதோடு சேர்ந்து வேறு கனிமங்களாகிவிடும், தனித்து நிற்காது. சிலிக்கா குறைந்த பாறை வேண்டும். அது கீழே சமவெளியில், பரமத்தி வேலூர் வட்டத்துச் சித்தம்பூண்டியில் இருக்கிறது. இப்போது நாமக்கல் மாவட்டம், 1997 வரை சேலம் மாவட்டம். வெள்ளை அனார்த்தோசைட் பாறைக்குள் அறுகோணக் குருந்தப் படிகங்கள். நிலவின் மேட்டு நிலங்களும் அனார்த்தோசைட் என்பதால், சந்திரயான்-2-க்கான சோதனையில் நிலவு மண்ணைப்போல் செய்ய இஸ்ரோ அந்த வட்டாரத்துக் கல்லைத்தான் எடுத்துப் பொடித்தது. சார்னோகைட்டுக்குப் பெயர் வைத்த அதே ஹாலந்துதான் 1898-இல் இந்தியக் குருந்தத்தைப் பற்றித் தனி நூல் எழுதியவர்.

கார்பரண்டத்தின் முன்பாதிக்கு வருவோம். அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் எட்வர்ட் ஏச்சிசன் 1891-இல் களிமண்ணையும் கரித்தூளையும் கலந்து மின்சாரம் பாய்ச்சிச் சூடேற்றினார். செயற்கை வைரம் செய்யும் ஆசை. வந்தது வேறு ஏதோ பளபளப்பான படிகம். களிமண்ணின் அலுமினாவும் கார்பனும் சேர்ந்தது என்று நினைத்துக் கார்பனையும் கொரண்டத்தையும் ஒட்டிக் ‘கார்போரண்டம்’ என்று பெயரிட்டார். பிறகு பார்த்தால் அது சிலிக்கன் கார்பைடு. அதில் குருந்தம் ஒரு துளியும் இல்லை. பெயர் மட்டும் நின்றுவிட்டது. 1954-இல் முருகப்பா குழுமம் சென்னையில் கார்போரண்டம் யுனிவர்சல் நிறுவனத்தைத் தொடங்கியபோது, சென்னைக் கோட்டையிலிருந்து புறப்பட்ட சொல் உலகைச் சுற்றி அதே கடற்கரையின் வடக்கே திருவொற்றியூரில் இறங்கியது.

பழைய சாணைக்கல் கடையில் வாங்கியது அல்ல. குருந்தத்தை இடித்துப் பொடியாக்கி, உருக்கிய அரக்கில் கலந்து, வட்டமாக வார்த்து அச்சில் பூட்டினார்கள். அரக்கு தேயத் தேயப் புதுப் பொடி வெளியே வந்து வெட்டும். இன்றைய கல்லும் அதே தத்துவம்தான், பிசின் மட்டும் மாறியிருக்கிறது. இன்றைய பழுப்புநிறச் சாணைக்கற்கள் பலவற்றில் இருப்பது பாக்சைட்டை மின்வில் உலையில் உருக்கிச் செய்த செயற்கைக் குருந்தம்.

மஞ்சக்குட்டைப் பெரியவரிடம் இதில் கொஞ்சம் சொன்னேன். கத்தியின் கூரைக் கட்டைவிரலால் பார்த்தபடியே, “எங்க அப்பாரு அரக்கு காய்ச்சித்தான் கல்லு ஊத்துவாரு. அந்தப் பொடிக்கு வேற ஒரு பேரு சொல்லுவாரு, இப்ப நெனப்பு வரமாட்டேங்குது” என்றார். நான் வெகுநேரம் நின்றேன். அவருக்கு நினைவு வரவில்லை.

அன்று கேட்டவர்கள் கேட்டபடியே எழுதி வைக்காமல் விட்டிருந்தால் தெல்லாவும் நெல்லாவும் நமக்குக் கிடைத்திருக்காது. உங்கள் தெருவில் சாணை பிடிக்க வருபவர் வயதானவராக இருந்தால், கத்தியோடு ஒரு தாளையும் எடுத்துக்கொண்டு போங்கள். அவர் வீட்டில் அந்தப் பொடியை என்னவென்று சொன்னார்கள் என்று கேளுங்கள். அவர் சொல்கிறபடியே, திருத்தாமல், ஊர்ப் பெயரும் தேதியும் போட்டு எழுதி வையுங்கள்.